ஓடிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தவர்

கெட்டுப்போன பொருள் எதையும் என் அக்கா வீட்டுக்காரர் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நன்றாக ஓடுகிற ஒன்று கண்ணில் பட்டால்தான் அவருக்குக் கை பரபரக்கும். ஃபேன் சுற்றினால் வேகம் போதாது. டிவி தெளிவாகத் தெரிந்தால் கலர் கம்மி. "இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாமே" என்று எழுந்துவிடுவார். யாருடையது, தொடலாமா என்று ஒரு வார்த்தை வராது. நாம் வாயைத் திறப்பதற்குள் "நீ உடு பாப்பா, நான் பாத்துக்குறேன்" என்பார். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போயிருக்கும்.

மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். பேசுகிறேன். மிச்சத்தையும் சேர்த்துப் பேசுகிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு காட்பாடியில். ஆள் சுத்தம். தோல் கம்பெனியில் வேலை செய்கிற ஆண்கள் எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஒரு வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். இவரிடம் பவுடர் வாசனைதான் வரும். எங்கள் அப்பா போனபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்கா சில வாரம் கூட வருவாள், சில வாரம் வரமாட்டாள். இவர் தவறமாட்டார். "ஆம்பள இல்லாத ஊடு, ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே கண் கலங்கும். எனக்குப் பயமாக இருக்கும். இந்த வாரம் எதில் கை வைக்கப்போகிறாரோ என்று.

அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஃப்ரிட்ஜைத் துடைத்து, தட்டுகளை மேலும் கீழும் மாற்றி அடுக்கினார். அடுத்த வாரமெல்லாம் அம்மாவுக்குத் தலை சுற்றல், தாகம். மருந்து போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்: "மருந்த எங்க வெச்சிருந்தீங்க?"

நான் ஃப்ரிட்ஜ் என்றேன். "ஃப்ரிட்ஜ்ல எங்க?" என்றார்.

நான் ஆம்பூருக்கு வந்து பார்த்தேன். மேலே ஐஸ் பெட்டிக்குள், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால், மருந்துக் குப்பி கல்லாகிக் கிடந்தது. அம்மா தினமும் அதை எடுத்து வெளியே வைத்து, உருகியதும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உறைந்துபோன இன்சுலின் வேலைக்கு ஆகாது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். மாமாவிடம் கேட்டேன். "ஜில்லுன்னு இருந்தா மருந்து நல்லா நிக்கும்னுதான் மேல வெச்சேன்" என்றார். கொஞ்சமும் அசரவில்லை.

இதில் எனக்குப் பொறுக்காதது அடுத்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மாமாதான் ஓடினார். விடிகிறதற்கு முன்னால் போய் வரிசையில் நின்றார். ரத்தப் பரிசோதனை எங்கே, மருந்து எங்கே, எந்த மாடியில் எந்த அறை என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனார். அந்த வார்டே அவரைக் கொண்டாடியது. "உங்க மருமவனா? புள்ள கூட இப்படிப் பாக்காதும்மா!" என்று ஒரு கிழவி அம்மாவிடம் சொன்னாள். அம்மா பெருமையில் பூரித்துப்போனாள்.

அவரால்தானே இங்கே வந்தோம் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை ஏதோ கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "மனுசன் நாயா ஓடிகினு இருக்காரு. உனக்கு எப்படிடி இப்டி பேச வாய் வருது?"

மாமா விஷயத்தில் எங்கள் வீட்டில் இதுதான் நடக்கும். உடைக்கிறவரும் அவர்தான், ஒட்டவைக்க ஓடுகிறவரும் அவர்தான். ஓடுவதை மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படியே. குடியாத்தத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து மண்டபத்துக்கு நாள் கேட்டு ஃபோன் வருகிறது. மாமா சரி என்று சொல்லிவிட்டிருக்கிறார். "நல்ல எடம் பாப்பா. நீ யோசிச்சினு இருந்தா கை உட்டுப் பூடும்" என்றார். நானே அந்தப் பையனுக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். அவன் நல்லவன் போலிருக்கிறது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். மாமாதான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "மரியாத கெடுத்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். யாருடைய மரியாதை, யார் கெடுத்தது என்று எவரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் கூட மறந்திருப்பேன். கம்ப்யூட்டரை மறக்க முடியவில்லை.

நான் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். தையல் மெஷினில், பசை தடவுகிற மேசையில், பெட்டி போடுகிற இடத்தில். டிசைன் அறையில் அப்போது ஒருத்தி கூடக் கிடையாது. நான் செருப்புத் தொழில்நுட்பம் டிப்ளமோ படித்தவள். படித்துவிட்டு முடிந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூல் பிரிந்திருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று சோதிக்கிற மேசையில் நின்றேன். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். படித்த இடத்தில் பழசை மாற்றியபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. டிசைன் வரைகிற சாஃப்ட்வேரை அங்கிருந்த சார் ஒருவர் ஏற்றிக் கொடுத்திருந்தார். மெதுவாகத்தான் திறக்கும். ஆன் செய்துவிட்டு முகம் கழுவி வந்தால் சரியாக இருக்கும். அதில்தான் பெண்களுக்கான ஷூ வரைந்தேன். எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிற பெண்ணின் கால் எங்கே வீங்கும், வார் எங்கே அறுக்கும் என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. இரண்டு வருடம் வரைந்தேன்.

எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் தயங்கித் தயங்கி ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "புதன்கிழமை வெளிநாட்டுப் பார்ட்டி வர்றாங்க. உன் டிசைன எடுத்துனு வா. மத்ததோட சேத்து வெப்போம். புடிச்சா உன்ன டிசைன் ரூமுக்கு மாத்திடலாம்" என்றார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கப்பலுக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாமாவின் செருப்பு. உள்ளே என் மேசைக்கு முன்னால் மாமா. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வா வா பாப்பா. உன் கம்ப்யூட்டர புதுசாக்கிட்டேன்" என்றார்.

திரையில் நான் அதுவரை பார்த்திராத நீல நிறம். ஒரே ஒரு குப்பைத்தொட்டிப் படம் மட்டும் மூலையில் இருந்தது.

நடந்ததை அவரே உற்சாகமாகச் சொன்னார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற பழைய ஓஎஸ்ஸுக்கு இனிமேல் ஆதரவு கிடையாது, உடனே மாற்றுங்கள் என்று யூடியூபில் ஒருவன் சொன்னானாம். காலையில் வந்ததும் அப்டேட் கொடுத்திருக்கிறார். பாதி ஓடி அப்படியே நின்றிருக்கிறது. அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்ததாம். "எவ்ளோ நேரந்தான் பாக்கறது? தூங்கிப் பூட்ச்சின்னு நெனச்சி மெயின ஆஃப் பண்ணிப் போட்டேன்." அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. சரி, சுத்தமாகப் புதிதாகவே ஏற்றிவிடலாம் என்று பஜாருக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓஎஸ்ஸை வாங்கி வந்திருக்கிறார்.

"எந்த எடத்துல போடணும்னு கேட்டுச்சு. ரெண்டு மூணு எடம் காட்டுச்சு. இன்னாத்துக்கு இத்தினின்னு எல்லாத்தையும் டெலிட் குடுத்து ஒண்ணாக்கிட்டேன். இங்க பாரு, எவ்ளோ காலியா இருக்குது!"

காலி இடத்தை அவர் எனக்குப் பெருமையோடு காட்டினார். வெட்டவெளி போல வெள்ளையாக ஒரு பட்டை.

"அதுலதான் மாமா என் டிசைன் எல்லாம் இருந்துச்சு" என்றேன்.

"காப்பி வெச்சிருப்பல்ல? படிச்ச பொண்ணு."

வைத்திருந்தேன். ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி, மேசை இழுப்பறையில் வளையல் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்தேன். இழுப்பறையைத் திறந்தேன். டப்பா இருந்தது. பஞ்சு இருந்தது.

"பென் டிரைவ் எங்க மாமா?"

அவர் குனிந்து கம்ப்யூட்டரின் முகப்பிலிருந்து அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "இதானே? கடைல பென் டிரைவ் எடுத்தான்னான். உன் டிராயர்ல தேடி எடுத்துனு போனேன். இதுலதான் ஓஎஸ்ஸ ஏத்தியாந்தேன். உள்ள இருந்தத அழிச்சாதான் ஏறும்னான். சரின்ட்டேன்."

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரைப் பார்த்துக் கத்தினேன். "யார கேட்டு தொட்டீங்க? இது உங்களுதா? ஒரு ஃபோன் பண்ணி கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "யார்கிட்ட பேசற தெரிதா? அக்கா ஊட்டுக்காருடி!" என்றாள்.

மாமாவின் முகம் சின்னக் குழந்தையின் முகம் போலச் சுருங்கியது. எழுந்து, கழற்றிய மூடியை எடுத்துப் பொருத்தி, ஸ்க்ரூவைத் திருகினார். ஒன்றைக் கூட விடாமல் திருகினார். "நல்லது பண்ண வந்தா இப்டிதான். மெஷினே பழசு, அதான். என் மேல இன்னா தப்பு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினார்.

சாயந்திரம் அக்கா ஃபோன் செய்தாள். "அவரு பட்டினியா வந்து படுத்துகினு கெடக்கறாரு. ஒரு வார்த்த மன்னிப்பு கேளுடி."

என்னுடைய இரண்டு வருடம் அழிந்துபோனது. என் வீட்டில் அன்று எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை மாமா சாப்பிட்டாரா என்பது.

அழிந்த கோப்புகளை மீட்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது என்று என்னோடு சோதனை மேசையில் நிற்கிற பர்வீன் சொன்னாள். தன் தம்பியின் லேப்டாப்பையும் ஒரு பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை என்னோடு சேர்ந்து லீவு போட்டுவிட்டு வந்தாள். காலையெல்லாம் தேடினோம். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. நான் வைத்த பெயர்கள். ஒன்றைத் தட்டினேன், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. புது ஓஎஸ் அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது என்றாள் பர்வீன். "பேரு மட்டும் மிச்சம்டி" என்று சொல்லி அவளே அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சலில் காது சுட்டது.

மாமா ஏற்றிய ஓஎஸ்ஸோ எதற்கும் உதவவில்லை. திரை மங்கல், பிரிண்டர் இல்லை, எதைத் தொட்டாலும் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. மறுபடி முதலிலிருந்து ஏற்றுவது என்று முடிவு செய்தோம். பர்வீன் லேப்டாப்பில் படித்துச் சொல்லச் சொல்ல, நான் செய்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஓஎஸ் தாங்கும் என்று பார்த்து, அதை முறையாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்துவிட்டே பதில் கொடுத்தேன். டிஸ்கை இந்தமுறை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று ஓஎஸ்ஸுக்கு, இன்னொன்று எனக்கு.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது மாமா வந்தார். வேலை முடிந்து நேராக ரயிலேறி வந்திருக்கிறார். கையில் ஏதோ சிடி உறை. நேற்று எதுவுமே நடக்காதது போல, "எந்த அளவுல இருக்குது?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஓடுது மாமா."

"ஸ்லோவா இருக்குதே. அத கேன்சல் பண்ணிட்டு இத போடு. இதுல பிரிண்டர், திரை எல்லாத்துக்கும் டிரைவர் கீது."

"வேணாம்."

"நீ உடு, நான்..." என்று அவர் கை என் கைக்குப் பக்கத்தில் மவுஸை நோக்கி வந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அம்மா கதவோரத்தில் நின்றுகொண்டு மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"கைய எடுங்க மாமா. அங்க போய் உக்காருங்க."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கால் ஆடியது. நன்றாக ஓடுகிற ஒன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டு இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பாவமாகக் கூட இருந்தது. அந்தப் பாவம் வந்ததற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வேலை முடிந்து திரை வெளிச்சமாக எழுந்ததும் பர்வீன் கை தட்டினாள். மாமா சிடியைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் வர்றேன்" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓஎஸ் வந்தது. டிசைன் வரைகிற சாஃப்ட்வேர் வரவில்லை. அதை ஏற்றிக் கொடுத்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார். யாருக்கும் அவர் நம்பர் தெரியவில்லை. புதன்கிழமை நான் கையால் பென்சிலில் வரைந்த மூன்று தாள்களோடு போனேன். மற்றவர்களுடைய டிசைன்கள் பெரிய திரையில் சுழன்று சுழன்று ஓடின. என் தாள்களை அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்துப் பார்த்தார், மரியாதையாகத்தான் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். ஜெனரல் மேனேஜர், "அடுத்த சீசன் பாக்கலாம்மா" என்றார்.

அடுத்த சீசனும் நடக்கவில்லை. அதற்கும் அடுத்ததில்தான் என்னை டிசைன் அறைக்கு மாற்றினார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறேன். "பாத்தியா, கடைசில நல்லபடியா நடந்துச்சு" என்றாள் அக்கா. நடந்தது. நடுவில் போனது என்னுடைய காலம். அன்று அழிந்தவற்றில் சிலவற்றை என்னால் மறுபடி வரைய முடியவே இல்லை. கோடு ஞாபகம் இருக்கிறது. அது ஏன் அந்த இடத்தில் வளைந்தது என்பது மறந்துவிட்டது. அப்படி ஒரு அழிவை யார் செய்தது என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை. மெஷின் பழசு.

மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. ஆனால் என் அறைக்குள் அதற்குப் பிறகு வரவில்லை. வாசற்படி வரை வந்து நின்று, "வேலைலாம் நல்லா போதா?" என்பார். நான் "போது மாமா" என்பேன். அப்படியே வருடங்கள் போயின.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். சென்னையில் வேலை பார்க்கிற மகன் வந்து வீட்டை அவருக்கு வசதியாக மாற்றியிருந்தான். ஜன்னலோரம் இருந்த கட்டிலை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தான். அதில் சுவரைப் பார்த்துக்கொண்டு மாமா படுத்திருந்தார். பவுடர் வாசனை இல்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் குழறலாகப் பேச ஆரம்பித்தார். "அங்க படுத்தா தெருவ பாத்துனு இருப்பேன். பால்காரன் வருவான். ஸ்கூல் புள்ளைங்க போவும். காத்து ஒத்துக்காதுன்னு மாத்திட்டான். நல்லதுக்குத்தான்னு சொல்றான்." ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. "படுத்துனு இருக்கறவன் நான். என்ன ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல் அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அக்கா மகனைக் கூப்பிட்டு, "அப்பாவ கேட்டியாடா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவன் திகைத்துப்போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன். ஜன்னலோரம் கொண்டு போய்ப் போட்டோம். மாமா தெருவைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பாப்பா, அன்னிக்கி உன் கம்ப்யூட்டர்ல நான்..." என்றார்.

அக்கா டம்ளரோடு உள்ளே வந்தாள். டீயை என் கையில் கொடுத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, மாத்திரை நேரம் பார்த்துவிட்டு, ஏதேதோ பேசிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் உதடு அசைந்தது.

"டீ ஆறுது, குடி" என்றார்.

ஆம்பூருக்கு நேர் பஸ் அந்த நேரத்துக்கு ஒன்றுதான் உண்டு. அது போய்விடும் என்று தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மிச்சத்தைச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.